கடையின் பின்னறையில் ஓர் எழுத்துப் பள்ளி: ஜான்ஸ் தீவும் குடியுரிமைக் கல்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு, பெரும்பாலும் ஊர்வலங்களின் வரலாறாகவும் மேடைப் பேச்சுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1955இல் தொடங்கிய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, 1963இல் வாஷிங்டனில் திரண்ட கூட்டம், 1965இல் செல்மா பாலத்தில் விழுந்த தடியடி ஆகியவை பள்ளிப் பாடநூல்கள் வரை வந்துவிட்டன. அந்தக் கூட்டங்களில் நின்றோருள் பலர், அதற்கு முந்தைய மாதங்களில் பகல் முழுவதும் வயலிலோ பிறர் வீட்டுச் சமையற்கட்டிலோ உழைத்துவிட்டு, இரவில் ஒரு கடையின் பின்னறையிலோ தேவாலயத்தின் மூலையிலோ அமர்ந்து தம் பெயரை எழுதிப் பழகியவர்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'குடியுரிமைப் பள்ளி' என்று பின்னர் பெயர் பெற்ற அந்த இரவு வகுப்புகளின் தோற்றம், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரை அடுத்த ஜான்ஸ் தீவில் நிகழ்ந்தது. இன நீதி என்பது ஒரு நாளில் உணர்ச்சிவசப்பட்டு எடுக்கும் முடிவாக மட்டும் நின்றுவிடாமல், வாரந்தோறும் திரும்பத் திரும்பச் செய்து கைவரப் பெறும் பழக்கமாக மாறியது எப்படி என்பதை அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தீவுதான்.

அங்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டதற்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு. ஜான்ஸ் தீவை ஒட்டி ஓடும் ஸ்டோனோ ஆற்றங்கரையில் 1739ஆம் ஆண்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதை ஒடுக்கிய கையோடு 1740இல் அன்றைய குடியேற்ற ஆட்சி இயற்றிய சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு நூறு பவுண்டு அபராதம் விதித்தது. அந்தச் சட்டம் எழுதுவதைத் தடுத்ததே தவிர, படிப்பதைத் தடுக்கவில்லை. விவிலியம் படிக்கும் அடிமையைப் பொறுத்துக்கொண்ட ஆட்சியாளர்கள், தானே ஒரு பயண அனுமதிச் சீட்டை எழுதிக்கொள்ளக்கூடிய அடிமையைக் கண்டு அஞ்சினர். 1834ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடைவெளியையும் அடைத்து, படிக்கக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது. இவ்வாறு நான்கைந்து தலைமுறைகளாக எழுத்திலிருந்து விலக்கப்பட்ட மக்களிடம், விடுதலை கிடைத்த முப்பது ஆண்டுகளுக்குள், எழுத்தறிவையே வாக்குரிமைக்கான நிபந்தனையாக வைத்த தந்திரத்தைப் புரிந்துகொண்டால்தான் பின்னர் வந்த இரவுப் பள்ளிகளின் பொருள் விளங்கும்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமை முறை ஒழிந்தது. 1870இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. 'மறுகட்டமைப்புக் காலம்' எனப்படும் அந்தச் சில ஆண்டுகளில், கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்த தென் கரோலினாவின் சட்டமன்றக் கீழவையிலும் அவர்களே பெரும்பான்மை பெற்றிருந்தனர். கூட்டாட்சிப் படைகள் விலகிய பின் நிலைமை தலைகீழாயிற்று. பென் டில்மன் முன்னின்று நடத்திய 1895ஆம் ஆண்டு மாநில அரசமைப்பு மாநாட்டில் கறுப்பின உறுப்பினர்கள் ஆறு பேர் மட்டுமே இருந்தனர். போர்க்காலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு போர்க்கப்பலையே கடத்திச் சென்று விடுதலை பெற்றவரும், வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றவருமான ராபர்ட் ஸ்மால்ஸ் அவர்களுள் ஒருவர். அவர்கள் எதிர்த்தும் பயனில்லாமல் நிறைவேறிய புதிய அரசமைப்பின்படி, வாக்காளராகப் பதிய விரும்புபவர், பதிவு அலுவலர் காட்டும் பிரிவை அரசமைப்பிலிருந்து படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியவராக இருக்க வேண்டும். எழுத்தறியாத வெள்ளையருக்காகவே ஒரு பின்வாசலும் திறந்து வைக்கப்பட்டது: 1898 தொடக்கம் வரை, படித்துக் காட்டப்படும் பிரிவைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், வாழ்நாள் முழுவதும் வாக்காளராகலாம். புரிந்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் பதிவு அலுவலர், அலுவலர் வெள்ளையர். வாக்குரிமை பற்றிய அப்பிரிவுகளில் 'இனம்' என்ற சொல் வரவில்லை, வரத் தேவையும் இருக்கவில்லை.

சட்டம் செய்ததைவிட அன்றாட வழக்கம் செய்தது அதிகம் எனலாம். 'ஜிம் குரோ' என்று பொதுவாக அழைக்கப்படும் பிரிவினை ஏற்பாடு, பேருந்து இருக்கையிலும் குடிநீர்க் குழாயிலும் மட்டும் நிலவவில்லை. வாயிலிருந்து வரும் விளியிலும் நிலவியது. வெள்ளையச் சிறுவன்கூட முதிய கறுப்பினத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பான்; அந்த முதியவரோ அச்சிறுவனை 'ஐயா' என்றே விளிக்க வேண்டும். நீதிமன்றங்களும் இவ்வழக்கத்தையே பின்பற்றின. 1963இல் அலபாமா மாநிலத்துக் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில், தம்மை வெறும் 'மேரி' என்று அழைத்த அரசு வழக்குரைஞருக்கு, 'மிஸ் ஹாமில்டன்' என்று மரியாதையாக அழைத்தாலன்றிப் பதில் சொல்வதில்லை என்று சாட்சிக் கூண்டில் நின்ற மேரி ஹாமில்டன் மறுத்தார்; அதற்காகவே அவருக்குச் சிறைத்தண்டனையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1964இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. யாரை 'அவர்' என்பது, யாரை 'அவன்' என்பது என்ற கணக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நெடுங்காலம் நிலவியது என்பதால், இவ்வழக்கின் கனம் தமிழ் வாசகருக்கு விளக்காமலே புரியும். சமமின்மை பழக்கத்தில் ஊறியிருந்தது. ஆகவே அதை எதிர்த்தவர்களும் பழக்கத்தையே கருவியாகக் கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வகை முயற்சிகளில் முன்னோடி என வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சனைச் சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கம் ஒன்றை நிறுவினார். 1926 பிப்ரவரியில், ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாளும் பிரடெரிக் டக்ளசின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்ட நாளும் சேர்ந்து வரும் வாரத்தை, 'நீக்ரோ வரலாற்று வாரம்' எனப் பள்ளிகளில் கடைப்பிடிக்கச் செய்தார். ஆண்டு முழுவதும் படித்ததை அந்த வாரத்தில் அரங்கேற்றிக் காட்ட வேண்டும் என்பதும், வாரமே தேவைப்படாத காலம் வர வேண்டும் என்பதும் அவர் எண்ணம். 1976இல் வாரம் மாதமாக நீண்டது. விழா வளர்ந்த அளவுக்கு, ஆண்டு முழுவதும் படிக்கும் வழக்கம் வளர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஜான்ஸ் தீவின் கதையில் மூவர் முக்கியமானவர்கள்: ஓர் ஆசிரியை, ஒரு பேருந்து ஓட்டுநர், ஓர் அழகுக்கலைஞர்.

ஆசிரியை செப்டிமா பாயின்செட் கிளார்க், 1898 மே 3 அன்று சார்ல்ஸ்டனில் பிறந்தார். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் ஹெய்ட்டியில் வளர்ந்தவர். ஏவரி என்னும் தனியார் பள்ளியில் 1916இல் படிப்பை முடித்து ஆசிரியப் பணிக்குத் தகுதி பெற்றபோதும், சார்ல்ஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக்கூட வெள்ளையரே பாடம் நடத்த வேண்டும் என்ற விதி இருந்ததால், அவர் வேலை தேடி ஜான்ஸ் தீவுக்குப் போக நேர்ந்தது. அப்போது தீவுக்குப் பாலம் இல்லை. படகில்தான் போக வேண்டும். தோட்ட முதலாளிகளின் காலத்தில் நெல்லும் பருத்தியும் விளைவிக்க மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அத்தீவின் பெரும்பான்மையினர். அவர்கள் பேசும் கல்லா மொழி, ஆங்கிலமும் பல ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவானது. நகரத்தார் அதைக் கொச்சை என்று ஏளனம் செய்தனர். கிளார்க்கும் இன்னொருவரும் சேர்ந்து 132 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். இருவருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 60 டாலர். மூன்றே பிள்ளைகள் படித்த அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியின் ஆசிரியைக்கு 85 டாலர். கரும்பலகைகூட இல்லாத அந்தப் பள்ளியில், சலவைக் கடையிலிருந்து வரும் காகிதப் பைகளைப் பிரித்து, பிள்ளைகள் நடந்து வரும் வழி, அவ்வழியில் வளரும் செடிகொடி, வானில் தெரிவது என்று அவர்கள் வாயால் சொன்னதையே எழுதி, அதையே பாடமாகப் படிக்க வைத்தார் கிளார்க். இரவில் பெரியவர்களும் வந்தனர். சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கற்பவரின் தேவையிலிருந்து பாடத்தைத் தொடங்குவது என்ற கொள்கை, பதினெட்டு வயதில் கரும்பலகை இல்லாத குறையால் அவருக்கு அமைந்தது; அதன்பின் கல்லூரிகளில் அவர் படித்த கல்வியியல் எதுவும் அதை மாற்றவில்லை.

நகரத்துப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தக் கோரி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய இயக்கத்தில் அவர் பங்கேற்றார்; 1920இல் அந்த விதி நீங்கியது. 1945இல், கொலம்பியா நகரத்தில் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு, வழக்குரைஞர் தர்குட் மார்ஷல் நடத்திய வழக்கிலும் அவர் துணை நின்றார். பின்னர் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பிப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1956இல் மாநிலச் சட்டமன்றம் அரசு ஊழியர் எவரும் கறுப்பினத்தார் உரிமைக்காகப் பாடுபட்ட என்.ஏ.ஏ.சி.பி. என்னும் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று தடை விதித்தது. உறுப்பினர் என்பதை மறைத்து எழுதிப் பலர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டனர், கிளார்க் மறைக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவிக்க வருமாறு 726 ஆசிரியர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். நாற்பது ஆண்டு வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

ஓட்டுநர் ஈசா ஜென்கின்ஸ் 1910இல் ஜான்ஸ் தீவிலேயே பிறந்தவர். சில வகுப்புகளே படித்தவர். விவசாயம் பார்த்துக்கொண்டே, தீவின் பிள்ளைகளை நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போகப் பேருந்து ஒன்றை வாங்கிய அவர், பிறகு வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகும் பெரியவர்களையும் ஏற்றிச் செல்லலானார். தினமும் அதே முகங்கள், அதே சாலை, அதே நேரம். 1940களில் அப்பேருந்தில் வந்துகொண்டிருந்த ஆலிஸ் வைன் என்ற பெண், தமக்குப் படிக்கத் தெரியாது என்றும், கற்றுக்கொடுத்தால் பதிவு செய்து வாக்களிப்பதாகவும் ஜென்கின்சிடம் சொன்னார். ஜென்கின்ஸ் மாநில அரசமைப்பின் தொடர்புடைய பகுதிகளை அச்சடித்துப் பயணிகளிடம் கொடுத்து, வண்டி நகரம் சேருமுன் அவற்றைப் படித்துக் காட்டி விளக்குவதை வழக்கமாக்கிக்கொண்டார். வேலைக்குப் போகும் பயணமே வகுப்பாயிற்று. ஆலிஸ் வைன் கேட்டுக் கேட்டே அப்பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பித்து வாக்காளரானார் என்றாலும், ஒப்பிப்பதில் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார்.

ஜென்கின்ஸ் 1948இல் தீவில் முற்போக்குக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றபின், வாக்காளரே இல்லாத மக்களிடம் வேட்பாளர் மட்டும் இருந்து பயனில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. வெள்ளையர் மட்டுமே பங்கேற்கலாம் என்றிருந்த ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலைக் கறுப்பினத்தாருக்கும் நீதிபதி வேட்டீஸ் வேரிங் 1947இலேயே திறந்துவிட்டிருந்தார்; வாசல் திறந்திருந்தும் நுழைவுச் சீட்டான எழுத்து கையில் இல்லை.

1954இல் ஜென்கின்சைக் கிளார்க் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் இருந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளை நேரில் கண்டு வந்த மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையர், டான் வெஸ்டுடன் சேர்ந்து 1932இல் நிறுவிய பள்ளி அது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதுவும் இல்லாத அந்தப் பள்ளியில், தொழிற்சங்கத்தாரும் விவசாயிகளும் ஒன்று இரண்டு வாரம் தங்கித் தம் ஊர்ச் சிக்கல்களைத் தாமே பேசித் தீர்வு தேடினர். இன வேறுபாடு பற்றி அங்கு நடந்த விரிவுரைகளைவிட, அங்கிருந்த அன்றாட ஏற்பாடே வலுவானதாக இருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உண்டனர், ஒரே குளத்தில் குளித்தனர், பாத்திரம் கழுவும் முறையைப் பங்கிட்டுக்கொண்டனர். 1955 கோடையில் அங்கு வந்து தங்கிய மாண்ட்கோமரி நகரத் தையற்காரர் ரோசா பார்க்ஸ், வெள்ளையர் சமைக்கும் காலை உணவின் மணத்தில் கண்விழித்ததைப் பின்னாளில் மகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானவர் அவர். அந்த மறுப்பை ஹைலேண்டர்தான் உண்டாக்கியது என்று சொல்வது மிகை, ஏனெனில் அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் இயக்கத்தில் உழைத்தவர். எனினும் சமமாக வாழ முடியும் என்பதைச் சில நாள் வாழ்ந்து பார்த்தவருக்கு, பழைய இருக்கைக்குத் திரும்புவது கடினமாகத்தான் இருந்திருக்கும்.

1954இல் ஹைலேண்டரில் ஐக்கிய நாடுகள் அமைப்பைப் பற்றி நடந்த முகாமில் ஜென்கின்ஸ் எழுந்து, தம் தீவுக்குத் தேவை வாக்காளர் தேர்வுக்கு மக்களை ஆயத்தம் செய்யும் ஓர் எழுத்துப் பள்ளி என்றார். தீவில் முதியோர் கல்வி வகுப்பு முன்பே நடத்தப்பட்டு, ஆள் வராமல் நின்று போயிருந்தது. காரணம் அறிய ஹார்ட்டன் தீவுக்கே வந்து மக்களிடம் பேசிப் பார்த்தபோது கிடைத்த விடை எளிமையானது. ஏர் பிடித்த ஆண்களும் பேரப்பிள்ளை கண்ட பெண்களும், காலை மடக்கி வைக்க இடமில்லாத சிறுபிள்ளைகளின் இருக்கையில் உட்கார்த்தப்பட்டனர். கையில் கொடுக்கப்பட்டவை முதல் வகுப்புப் பிள்ளைகளின் படப் புத்தகங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. கல்வியைக் கொடுப்பவர் மரியாதையைப் பறித்துக்கொண்டதால் மக்கள் கல்வியையும் சேர்த்தே வேண்டாம் என்றனர்.

புதிய பள்ளிக்கு இடம் தேட ஜென்கின்ஸ் பள்ளித் தலைமையாசிரியரையும் மதகுருவையும் அணுகினார். இருவரும் பின்விளைவுக்கு அஞ்சி மறுத்தனர். முற்போக்குக் கழகம் ஹைலேண்டரின் வட்டியில்லாக் கடனுதவியுடன் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்பக்கத்தில் மளிகைக் கடை வைத்து, பின்பக்க அறைகளை வகுப்புக்கு ஒதுக்கியது. கடைக்கு வருவோர் போவோர் மேல் எவருக்கும் சந்தேகம் எழாது. கடை வருமானம் கடனை அடைக்கும்.

ஆசிரியராக யாரை அமர்த்துவது என்பதில் எடுத்த முடிவுதான் இம்முயற்சியின் மையம். பயிற்சி பெற்ற ஆசிரியர் எவரும் வேண்டாம் என்றனர் கிளார்க்கும் ஹார்ட்டனும். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியரின் வேலையைப் பறிப்பது எளிது என்பது ஒரு காரணம். பள்ளிக்கூடத்துப் பழக்கதோஷத்தால் பெரியவர்களையும் பிள்ளைகளாக நடத்திவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன், சார்ல்ஸ்டனில் அழகு நிலையம் நடத்தியவர், தையலும் தெரிந்தவர். கறுப்பினப் பெண்களின் அழகு நிலையம், வெள்ளையரின் தயவு சிறிதும் தேவைப்படாத தொழில். வாடிக்கையாளர் எல்லாரும் கறுப்பினத்தவர், எந்த நிர்வாகமும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. மேலும், வருவோரின் கதையைப் பொறுமையாகக் கேட்பது அத்தொழிலின் பாதி வேலை. தமக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று ராபின்சன் தயங்கினார். அந்தத் தயக்கமே தகுதி என்று மற்றவர்கள் கருதினர்.

1957 ஜனவரி 7ஆம் நாள் இரவு முதல் வகுப்பு தொடங்கியது. பதினான்கு பேர் வந்தனர். தாம் ஆசிரியர் அல்லர் என்றும், சேர்ந்தே கற்போம் என்றும் முன்னுரை சொல்லிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று ராபின்சன் கேட்டார். கைநாட்டுக்குப் பதிலாகப் போடும் பெருக்கல் குறியை விட்டுவிட்டுப் பெயர் எழுத வேண்டும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் கடிதத்தை அயலாரிடம் கொடுக்காமல் தாமே படிக்க வேண்டும், மணியார்டர் படிவமும் அஞ்சலில் பொருள் வாங்கும் படிவமும் நிரப்ப வேண்டும், விவிலியம் படிக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கூறினர். கொண்டுவந்திருந்த தொடக்கப்பள்ளிப் புத்தகங்களை ராபின்சன் ஒதுக்கிவைத்தார். மணியார்டர் படிவங்களும் பொருட்பட்டியல் புத்தகங்களும் வாக்காளர் பதிவு விண்ணப்பமும் பாடநூலாயின. மாநில அரசமைப்பின் பதிவு தொடர்பான பிரிவில் வரும் கடினமான சொற்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொற்களாயின. உலக மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, பருவம் முடியும்போது ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்றார்.

பெயர் எழுதக் கற்பித்த முறை கவனிக்கத் தக்கது. ஒவ்வொருவர் பெயரும் தடித்த அட்டையில் பெரிதாக எழுதித் தரப்படும். எழுத்தின் தடத்தின் மேலேயே அவர்கள் மீண்டும் மீண்டும் பென்சிலை ஓட்டிக் கைக்கு வழி பழக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரல் பிடித்து எழுதுவித்த முறையை இது ஒத்திருக்கிறது. மண்வெட்டிப் பிடியில் காய்த்த கைகளுக்குப் பென்சிலின் மென்மை பிடிபட நாளாயிற்று. அழுத்தத்தில் பென்சில்கள் முறிந்தன. 65 வயது மூதாட்டி ஒருவர், கரும்பலகையில் பலர் பெயர்களுக்கு நடுவே தம் பெயரைக் கண்டுபிடித்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டியதைத் தம் வாழ்வின் பெரும் பரிசாக ராபின்சன் பல ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்லிவந்தார்.

வாரம் இரண்டு இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் என வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில் வகுப்பு நடந்தது. இந்த அளவு சிறியது என்று தோன்றலாம். ஆனால் அதைப் பெரிதாக்காததே நிறுவனர்களின் அறிவு. நாளெல்லாம் உழைத்தவர் தவறாமல் வரக்கூடிய அளவு எதுவோ, அதுவே அளவு. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு இடையில் கற்றதைப் பயன்படுத்த அவர்களுக்குக் கடை, அஞ்சலகம், தேவாலயம் என்று இடங்கள் இருந்தன. எழுத்துடன் சேர்ந்தே குடியியலும் வந்தது: பள்ளி வாரியம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, வரி எங்கே போகிறது, சமூகப் பாதுகாப்பு நிதியைப் பெற எங்கே விண்ணப்பிக்க வேண்டும், சாலைக்குத் தார் போடும்படி யாரைக் கேட்பது என்ற பேச்சு வகுப்பில் இயல்பாக எழும். அந்த முதல் வகுப்பின் மாணவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய் வாக்காளர்களாகித் திரும்பியபின், அயல் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் தமக்கும் பள்ளி கேட்டன. வகுப்பில் படித்து முடித்தவர்கள் தாமே ஆசிரியர்களாயினர். உரக்கப் படிக்கவும் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும் என்பதே ஆசிரியருக்குக் கிளார்க் வகுத்த தகுதி.

ஹைலேண்டர் மீது டென்னசி அரசின் கண் நெடுநாளாக இருந்தது. 1959 ஜூலை 31 இரவு காவலர்கள் பள்ளிக்குள் புகுந்து சோதனையிட்டு, மதுவைத் தொட்டறியாத கிளார்க்கை மது வைத்திருந்ததாகக் கைது செய்தனர்; அந்தக் குற்றச்சாட்டு பின்னர் நிற்கவில்லை. எனினும் உரிமமின்றிப் பீர் விற்றது, ஹார்ட்டன் சொந்த ஆதாயம் அடைந்தது, இரு இனத்தாரையும் ஒன்றாக வைத்துக் கற்பித்தது ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் பள்ளியின் உரிமம் நீக்கப்பட்டது. மேல்முறையீட்டில் மாநில உச்ச நீதிமன்றம், உண்மையான காரணமாக இருந்த மூன்றாவது குற்றச்சாட்டைப் பொருட்படுத்தாமல், முதல் இரண்டைக் கொண்டே தீர்ப்பை உறுதி செய்தது. 1961இல் நிலமும் கட்டடமும் பறிமுதலாயின. அதே ஆண்டில், மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்ச்செஸ்டர் மையத்தில், கிளார்க், டோரதி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகிய மூவரும் ஐந்து நாள் பயிற்சி வகுப்புகளை மாதந்தோறும் நடத்தினர். பல மாநிலங்களிலிருந்து பேருந்தேறி வந்த குத்தகை விவசாயிகளும் வீட்டு வேலைக்காரர்களும் ஆசிரியர்களாகத் திரும்பிப் போனார்கள். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளியாக இருந்து, பின்னர் நாடறிந்த தலைவரான ஃபேனி லூ ஹேமர் இப்பயிற்சியில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். 1963 ஜூனில் தென் கரோலினாவில் நடந்த பயிற்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில்தான் வினோனா நகரில் கைதாகி, சிறையில் உடல் ஊனமாகும் அளவுக்கு அடிபட்டார். இரவுப் பள்ளிக்குப் போவதன் விலை சில ஊர்களில் அதுவாக இருந்தது. கிளார்க் தந்த கணக்கின்படி 1957க்கும் 1970க்கும் இடையில் 897 குடியுரிமைப் பள்ளிகள் நடந்தன. 1965 ஆகஸ்டில் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம், தென் கரோலினா உள்ளிட்ட மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது.

இத்தகைய பணி ஏன் வரலாற்று நூல்களில் ஓரத்தில் நிற்கிறது என்பதற்கு விடை தேடினால், இயக்கத்துக்குள்ளேயே நிலவிய இன்னொரு பழக்கத்தைக் காண நேரும். தலைமை மாநாட்டின் செயற்குழுவில் கிளார்க் உட்கார்ந்திருந்தார்; ஆனால் அவர் அங்கே ஏன் இருக்கிறார் என்று சில ஆண் தலைவர்கள் கேட்டதையும், பெண்கள் சொல்வதைக் காதில் வாங்காததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். எல்லா ஊர்வலத்தையும் தாமே முன்னின்று நடத்தாமல் ஊருக்கு ஊர் தலைவர்களை வளர்க்க வேண்டும் என்று கிங்குக்கு அவர் எழுதிய கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டபோது, அங்கிருந்தோர் சிரித்தனர். இன வேறுபாட்டை எதிர்த்தவர்கள் பால் வேறுபாட்டைப் பார்க்கத் தவறினர் என்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கான காரணம் ஆகாது. ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் ஆண்களிடமும், கரும்பலகையும் வருகைப் பதிவேடும் பெண்களிடமும் இருந்தன என்பதையும், வரலாறு எழுத வந்தவர்கள் ஒலிபெருக்கி இருந்த பக்கமே போனார்கள் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

ஈசா ஜென்கின்ஸ் 1972இல் மறைந்தார்; அன்பு முன்னேற்றம், வெறுப்பு செலவு மிக்கது என்ற பொருள்பட எழுதப்பட்ட அவருடைய வேன் ஒன்றின் பின்பக்கக் கதவு, இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்னிஸ் ராபின்சன் 1972இல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஓய்வுபெற்றுச் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த செப்டிமா கிளார்க், 1975இல் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; இருபது ஆண்டுகளுக்கு முன் பறிக்கப்பட்ட ஓய்வூதியத்தை, அவருக்கு 78 வயதான 1976இல் தென் கரோலினா அரசு திருப்பி வழங்கியது.